லிங்கன் நகரத்து அத்தை

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க டாக்டர்! இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன்," என்று பக்கத்து வீட்டு ரோஸ்மேரி தட்டை நீட்டினாள்.

பல் டாக்டர் மெர்வின் ஒரு கையில் கார் சாவியும் மறு கையில் கோட்டுமாக, தன் கிளினிக் வாசலிலேயே அகப்பட்டுக்கொண்டார். தட்டில் ஆறு கொலாச்சிகள். உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று பன், நடுவில் ஒரு குழி, குழி நிறையக் கருகருவென்று, அந்த ஊர்க் கருப்புக் கசகசாவில் செய்த பூரணம். நெப்ராஸ்காவில் செக் நாட்டு வம்சத்தார் வாழும் அந்தச் சின்ன ஊரில் கொலாச்சியை வேண்டாம் என்கிறவன் ஒன்று சீக்காளி, இல்லாவிட்டால் திமிர் பிடித்தவன்.

டாக்டர் இரண்டும் இல்லை. முதுகுவலிக்கு என்று மாத்திரை போட ஆரம்பித்து, அதற்கே அடிமையாகி, பாடாய்ப் பட்டு மீண்டவர். வைத்தியம் பார்க்கிறவர்களுக்கென்றே மாநிலத்தில் ரகசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்தால் லைசென்ஸ் பிழைக்கும், விஷயமும் வெளியே வராது. தினம் காலையில் ஃபோன் செய்ய வேண்டும். "இன்று உங்கள் முறை" என்று பதில் வந்தால், போட்டது போட்டபடி லிங்கன் நகரத்துக்கு ஓடி, ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று பார்க்க, குப்பியில் சிறுநீர் கொடுத்துவிட்டு வர வேண்டும். கசகசாவும் அபினும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒரு கொலாச்சி தின்றால் போதும், 'ஆசாமி மறுபடி ஆரம்பித்துவிட்டான்' என்று பரிசோதனை காட்டிக் கொடுத்துவிடும். கிறிஸ்துமஸோடு ஐந்து வருஷம் முடிகிறது. கரைக்கு வந்த பிறகா கப்பலைக் கவிழ்ப்பது?

"வயிறு சரியில்ல ரோஸ்மேரி."

"வயிறு சரியில்லாதவர் கோட்டைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"லிங்கனுக்கு. அத்தைக்கு முடியலையாம்."

"ஐயோ பாவம், பெர்னிஸ் அத்தையா! அப்ப தட்டோட கொண்டு போங்க. போற வழியில நீங்க ரெண்டு சாப்பிடுங்க, மிச்சம் அத்தைக்கு."

பெர்னிஸ் அத்தை பிறந்து நாலு வருஷம் ஆகிறது. பிறக்கும்போதே அவளுக்கு எண்பத்து மூன்று வயது. இந்த ஊருக்கு வந்த புதிதில், பாதி பல் பிடுங்கிய நிலையில் ஒருத்தரைக் காக்க வைத்துவிட்டு லிங்கனுக்கு ஓட நேர்ந்தபோது, டாக்டர் வாயிலிருந்து அவள் அவசரமாக அவதரித்தாள். அன்றிலிருந்து கூப்பிட்ட போதெல்லாம் அத்தைக்குச் சீக்கு வந்தது. முதலில் சர்க்கரை, பிறகு மூட்டு, அப்புறம் இருதயம். ஊர்ப் பெண்கள் அவளுக்காக ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்தார்கள். மாதா கோயிலில் ஜெபம் நடந்தது. கொலாச்சித் தட்டுகள் வந்தவண்ணம் இருந்தன. டாக்டர் அத்தனையையும் சோளக்காட்டில் வீசிவிட்டுப் போவார். அந்த வழிக் காக்கைகள் எல்லாம் பறக்க முடியாமல் நடந்தே போயின.

இப்படியே ஓட்டியிருக்கலாம். வந்தார் புதுப் பாதிரியார். சின்ன வயது, ஊருக்கு வந்து மூன்றே வாரம், யாருக்காவது நல்லது செய்யாவிட்டால் தூக்கம் வராத மனுஷர். ஒரு நாள் காலை கிளினிக்குக்கே வந்துவிட்டார். ரோஸ்மேரி அப்போதுதான் வாயைக் கொப்பளித்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், உங்க அத்தைக்கு நானே வந்து கடைசி எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டு வரேன். எந்த ஆஸ்பத்திரி?"

"அத்தை நம்ம கோயில் இல்லையே ஃபாதர்..."

"அதனால என்ன, கடைசி நேரத்துல மனசு மாறினவங்க எத்தனை பேர்! பாட்டுக்கு எமிலையும் கூட்டிட்டு வரேன், அக்கார்டியனோட."

எமில், ரோஸ்மேரியின் புருஷன்.

"அத்தைக்குச் சுத்தமா காது கேக்காது ஃபாதர்!"

"அப்ப எமிலைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம், அவர் வாசிப்புக்கு அதுதான் தோது," என்றாள் ரோஸ்மேரி. உடனே பாதிரியாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஃபாதர், அத்தை விஷயத்துல நாம தலையிட வேணாம். வாங்க போலாம்."

"அதெப்படி! ஒரு ஆன்மா அங்க தவிக்குது. டாக்டர், ஆஸ்பத்திரி பேரை மட்டும் சொல்லுங்க, வண்டி வெளியிலதான் நிக்குது."

டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் ஒரு கிழவியைக் கொல்ல வேண்டியதாயிற்று.

"இனிமே போய்ப் பிரயோஜனமில்ல ஃபாதர். இப்பத்தான் ஃபோன் வந்துது. அத்தை போயிட்டாங்க."

பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். ரோஸ்மேரியோ "நிஜமாவா? போயே போயிட்டாங்களா?" என்று இரண்டு கையாலும் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் முகம் பூவாய் மலர்ந்திருந்தது. அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை கோயில் ஹால்ல சாப்பாடு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்," என்று அவள் ஓடினாள்.

சனிக்கிழமை ஊரே திரண்டிருந்தது. இல்லாத அத்தைக்காக வாத்து வறுவலும் புளித்த முட்டைக்கோசும் மணத்தன. வந்தவர்கள் எல்லாரும் டாக்டரின் முதுகில் தட்டினார்கள். "பெரிய பாரம் இறங்குச்சு டாக்டர்," என்றார் ஒருவர். இன்னொருத்தி கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எமில் மூலையில் உட்கார்ந்து, கல்யாணத்தில் துள்ளி ஆடுகிற போல்கா மெட்டு வாசித்தார். சாவு வீட்டில் போல்காவா என்று கேட்கிற நிலையில் டாக்டர் இல்லை.

ரோஸ்மேரி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். தட்டில் ஒரே ஒரு கொலாச்சி, பெரியது.

"இன்னைக்கு நீங்க சாக்குச் சொல்லக் கூடாது. எல்லாரும் பாக்கறோம், சாப்பிடுங்க."

"செத்தவங்க பேரைச் சொல்லி வெச்சது. தள்ளக் கூடாது," என்று பாதிரியாரும் எடுத்துக் கொடுத்தார்.

போல்கா நின்றது. ஊர் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. டாக்டர் கொலாச்சியைக் கையில் எடுத்தார். தின்றால் லைசென்ஸ் போகும். தள்ளினால் இந்த ஜனங்களின் முகம் வாடும். சுற்றிலும் பார்த்தார். இவர்கள் வீட்டுக் குழந்தைகளின் முதல் பல்லைப் பார்த்தவர் அவர். 'எங்க டாக்டர்' என்று அவரை முதன்முதலாக அழைத்தது இந்த ஊரில்தான். இவர்களையா நாலு வருஷமாக ஏமாற்றினோம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொலாச்சியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எனக்கு அத்தையே கிடையாது. நான் மாத்திரைக்கு அடிமையா இருந்தவன். லிங்கன்ல டெஸ்ட்டு கொடுக்கத்தான் போவேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் கெடு இருக்கு. அதுவரைக்கும் கசகசா என் நாக்குல படக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க."

பாதிரியார் வாய் பிளந்து நின்றார்.

ரோஸ்மேரி "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு பாய்ந்து தட்டைப் பிடுங்கினாள். "வாயில வெச்சீங்களா? ஒரு துளியாவது? நாக்கை நீட்டுங்க பாப்போம்!"

"இல்ல, நாக்குல படவே இல்ல..."

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்து கையால் விசிறிக்கொண்டாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவரை வாயே திறக்காத எமில் அக்கார்டியனைக் கீழே வைத்தார்.

"எங்க பழைய டாக்டருக்கும் லிங்கன்ல ஒரு அத்தை இருந்தாங்க. கெடு முடிஞ்ச அன்னைக்குத்தான் அத்தையைச் சாகடிச்சு, விருந்து வெச்சு, எல்லாத்தையும் எங்ககிட்ட சொன்னார். நீங்களும் லிங்கன் அத்தைன்னதுமே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அதனால நாலு வருஷமா உங்க தட்டுல மட்டும் கருப்பு எள்ளுதான் வெச்சோம். அத்தை போயாச்சுன்னு நீங்களே சொன்னீங்களேன்னுதான், டாக்டர், இன்னைக்கு முதல் தடவையா நிஜக் கசகசா வெச்சோம்!"