ஏழாம் எண் ரத்தம்

'பீப்! பீப்! பீப்!' என்று இயந்திரம் அலறியபோது, மனிதகுலத்தின் ஈரல் வரலாற்றில் ஒரு பொற்காலம் பிறந்தது.

தேஜான் நகரத்து நிறுவனம் ஒன்று ஆறு ஆண்டு உழைத்துக் கண்ட சோதனை அது. ஈரலில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாம். ரத்தத்தில் ஒரு புரதத்தை அளந்தாலே, ஈரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நோயாளிகள் இருபது பேர். ஒப்பிட்டுப் பார்க்க 'ஆரோக்கியசாலிகள்' இருபது பேர். வெளியாரின் ஆரோக்கியத்தை எப்படி நம்புவது? துறைத் தலைவர் பியோன் தம் ஊழியர்களையே கை நீட்டச் சொன்னார். பெருந்தன்மையோடு தாமும் நீட்டினார். குழாய்களில் எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் ஆய்வாளர் இன்-சுக்கின் மேசையில் பூட்டிக் கிடந்தது.

இயந்திரத்தை அலற வைத்தவர் ஏழாம் எண் ஆரோக்கியசாலி. அளவுகோலின் உச்சியையே தாண்டியிருந்தார். இன்-சுக் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஈரக்குலை நடுங்கியது.

உடனே அவசரக் கூட்டம்.

"இருபது ஆரோக்கியசாலிங்கள்ல பதினேழு பேருக்குத் தழும்பு, தலைவரே."

"அப்ப சோதனை தப்பு."

"நோயாளிங்க இருபது பேருக்கும் சரியாச் சொல்லுதே?"

"அவங்க நோயாளிங்கம்மா. அதை யார் வேணா சொல்லலாம்!"

மூத்த ஆய்வாளர் கூ கனைத்தார். "வாரத்துல நாலு நாள் நாம குடிக்கிறது..."

"குடிக்கிறது இல்ல, கூ. 'குழு உணர்வு வளர்ச்சித் திட்டம்'."

கூ தம் குறிப்பில் திருத்திக்கொண்டார்.

"எல்லைக்கோட்டை உயர்த்திடுங்க," என்றார் பியோன்.

"உயர்த்தினா நோயாளிங்கள்ல பாதிப் பேர் ஆரோக்கியசாலி ஆயிடுவாங்க, தலைவரே."

"மருந்தே இல்லாம இத்தனை பேரைக் குணமாக்கின கம்பெனி உலகத்துல வேற எதும்மா?"

கைதட்டல். தழும்பில்லாத மூவரும் 'இயல்புக்கு மாறானவர்கள்' என நீக்கப்பட்டனர். அதில் இன்-சுக்கும் ஒருத்தி. அவள் பங்கு சோஜு சாராயத்தையெல்லாம் ஆறு ஆண்டாகக் குடித்துவந்த உணவகத்துப் பூச்செடி போன மாதம்தான் காலமானது.

"ஏழாம் நம்பர் இப்ப நிறுத்தினா பிழைச்சுக்கலாம், தலைவரே. உங்ககிட்ட தனியாப் பேசணும்."

"தனியா என்ன பேச்சு? சாயங்காலம் திட்டத்துல குழுவாப் பேசுவோம்."

சாயங்காலம். கரியடுப்பில் பன்றி இறைச்சி பொரிந்தது. பியோன் எழுந்து நின்றார்.

"அந்த ஏழாம் நம்பர் கம்பெனி மானத்தையே வாங்கிட்டான்! யாரும்மா அவன்? சொல்லு, நானே ஊத்திக் கொடுத்து மன்னிச்சுடறேன்!"

சொல்லிவிட்டுத் தம் காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். பெரியவர் நீட்டிய கிண்ணம் காலியாக நிற்கலாமா? இன்-சுக் முறைப்படி இரண்டு கைகளாலும் சோஜு புட்டியை எடுத்தாள். எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஈரல் வீங்கிப்போச்சா?" என்று பதறினார் கூ. அந்த ஊரில் துணிச்சலுக்கு அதுதான் பெயர்.

இன்-சுக் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"மன்னிக்கணும் தலைவரே. ஏழாம் நம்பருக்கு இனிமே ஒரு சொட்டுகூட என் கையால ஊத்த மாட்டேன்."