அவசரத்துக்கு நானூறு டாலர்

ஏரியில் பனி உருகுவதற்குள் படகுக்குப் புது மோட்டார் வாங்கியாக வேண்டும். அதுவரை வீட்டில் பணம் இருக்கிறது என்று மூச்சு விடக் கூடாது. வெர்லின் இப்படிச் சபதம் எடுத்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டு வாஷிங் மெஷின் படுத்து ஆறு வாரம் ஆகிறது. மனைவி டார்லா வாராவாரம் இரண்டு கூடை அழுக்கோடு, பனியில் வழுக்கிக்கொண்டு, காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போய் வருகிறாள். கேட்டால் ஒரே பதில்: "பணத்துக்கு நான் எங்க போவேன், டார்லா?"

பணம் எங்கேயும் போகவில்லை. அறுநூற்று நாற்பது டாலர், கார் கொட்டகை ஃப்ரீசரில், கறிக்கடைக் காகிதத்துக்குள் ஜம்மென்று படுத்திருந்தது. மேலே அவர் கையெழுத்தில் 'மான் ஈரல்'. ஈரல் என்றாலே அந்த வீட்டில் இருவருக்கும் குமட்டும். டார்லா தொடவே மாட்டாள். தன் மூளையை நினைத்து வெர்லினுக்கே சில சமயம் மலைப்பாக இருக்கும்.

சனிக்கிழமை ஓர் அம்மாள் வந்தாள். நாட்டில் சாதாரணக் குடும்பங்களின் பண ஆரோக்கியத்தை அளக்கிறார்களாம். பதில் சொன்னால் இருபது டாலர். வெர்லின் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திடீர்னு நானூறு டாலர் செலவு வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?"

வெர்லின் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "எங்கேம்மா சமாளிக்கிறது! கடன்தான் வாங்கணும்."

"அப்படியே எழுதிக்குங்க," என்று காப்பியை ஊற்றினாள் டார்லா. "எல்லாரும் பக்கத்து வீட்டு டுவைட் ஆக முடியுமா? ரொக்கமா எடுத்து வைப்பேன்னு வேலி ஓரமா நின்னு அவரே சொன்னாரு."

"யாரு, அந்த டுவைட்டா? என்கிட்ட வாங்கிட்டுப் போன ரம்பத்தையே இன்னும் திருப்பித் தரல!"

"எங்க வீட்டுக்காரரைத் தப்பா நினைக்காதீங்கம்மா. நல்ல மனுஷன். வக்கில்லை, அவ்வளவுதான்."

வெர்லினுக்குக் காது சிவந்தது. "அழிங்கம்மா அதை! நானூறு என்ன, அறுநூறே தருவேன். ரொக்கமா. இப்பவே!"

"நிச்சயமாவா சார்?"

"எழுதுங்க!"

எழுதினாள். 'தெம்பான குடும்பம்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டு, வாசலில் இருந்த இரண்டு கூடை அழுக்குத் துணியைத் தாண்டிக்கொண்டு போனாள். டார்லா காப்பிக் கோப்பைகளைக் கழுவப் போனாள். உளறிவிட்டோமே என்று அப்போதுதான் வெர்லினுக்கு உறைத்தது. நேரே கொட்டகைக்கு ஓடினார். பொட்டலம் பத்திரமாக இருந்தது. தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மோட்டார் கடைக்குப் போனார். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. சேமிப்பு என்றால் கனக்காதா என்று பூரித்துக்கொண்டார். வரிசையில் நாலு பேர் பார்க்கப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஈரல். அசல் மான் ஈரல்.

வீடு திரும்பியபோது உள்ளே புது வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏது இது?" என்றார் வெர்லின்.

"அவசரச் செலவுங்க. ரொக்கமா தருவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கு எப்படி..."

"பணம் இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்க. எங்க இருக்குன்னு நீங்களே ஓடிப்போய்க் காட்டினீங்க. ஈரலைத் தடவிக் கொடுக்கிற மனுஷனை ஜன்னல் வழியா அன்னிக்குத்தான் பார்த்தேன். காகிதம் உங்களோடது. உள்ள இருக்கறது டுவைட் கொடுத்தது."

வெர்லின் பொட்டலத்தோடு மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அதை ஏன் கையிலயே வெச்சுக்கிட்டு நிக்கறீங்க? கொண்டாங்க, வெங்காயம் நறுக்கியாச்சு. உங்களுக்கு இன்னிக்கு அதுதான் சாப்பாடு."