இருபத்து மூன்று நாள் முடி

மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருந்தார். மாமனார் பின்னால் நின்றுகொண்டு அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

"என்னங்க, வந்து உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்."

"நீங்க உட்காருங்க மாமா" என்று மாப்பிள்ளை திரும்ப முயன்றார்.

"தலையை ஆட்டாதீங்க!"

மாமனார் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா காபியைப் புடவையில் சிந்திக்கொண்டாள். மாமனாருக்கே வெட்கமாகிவிட்டது. முப்பது வருஷமாக சலூன் நடத்துகிறவர். கழுத்தைப் பார்த்தால் வாயில் அந்த வார்த்தைதான் வரும்.

அவர் வெட்கத்தை ஓரம் தள்ளி மறுபடியும் குனிந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. பெண் பார்க்க வந்த அன்று இந்தக் கழுத்தில் எவ்வளவு முடி இருந்ததோ, அவ்வளவே இன்றும் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் இருபத்து மூன்று நாள் ஓடிவிட்டது. வெட்டிக்கொள்வதானால் மாமனார் கடைக்குத்தானே வந்திருப்பார்? மனுஷத் தலையாக இருந்தால் ஒரு பென்சில் கனத்துக்காவது வளர்ந்திருக்க வேண்டும். பின்கழுத்தைப் பார்த்தே வெட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவார் அவர். அந்தக் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், அன்று காலையில் கடையில் அவரே பேசிய பேச்சு.

அவரை எல்லோரும் 'ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. எல்லாம் வாய் ஜாலத்தால் வந்த பட்டம். எந்த நீர்மூழ்கிக் கப்பல் எவ்வளவு ஆழம் போகும், எந்த ட்ரோன் எத்தனை மணி நேரம் பறக்கும், வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களில் எது வேவு பார்க்கிறது, எது சம்பளத்துக்காகச் சும்மா சுற்றுகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். இத்தனைக்கும் மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவர் ஊமைக் கோட்டான். "கட்டையா, மீடியமா?" என்று கேட்டால் அன்றைய பேச்சு முடிந்தது. அப்புறம் ஒரு லாரி அடித்துத் தூக்கிப் போட்டு, நாலு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. படுத்த படுக்கையில் பேப்பராகப் படித்துத் தள்ளியிருப்பார் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று காலை கடைக்கு வந்த வாத்தியார் தலையில் கத்திரி போட்டபடியே அவர் சொன்னது இதுதான்: "ரோபோ பண்ணிட்டான் சார். பேசுது, நடக்குது, மூச்சு விடுது. தொட்டா சூடு. சண்டைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, ஊருக்குள்ள விட்டுப் பழக்கறானாம். ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் அவனுக்குப் பிடிபடலை."

"என்ன?"

"முடி. நட்டுடறான். வளர வைக்க முடியலை."

"எங்க படிச்சீங்க?"

"எங்கேயோ படிச்சேன் சார். தலையை ஆட்டாதீங்க."

இப்போது அதே வாய் உலர்ந்து போயிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலையே ட்ரோன் பழுது பார்க்கிற கம்பெனியில்தான். யாரும் பேசாத ஒரு நிமிஷம் வந்தது. அந்த அமைதியில் ஜெனரலுக்கு மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரே சீரான ஒலி.

மனைவியைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "உனக்கு ஒரு சத்தம் கேக்குதா?"

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "கேக்குது" என்றாள்.

"அடிப்பாவி, இவ்வளவு சாதாரணமா சொல்றே?"

"பழகிப்போச்சுங்க. வாங்க, சம்பந்தியம்மா தனியா இருக்காங்க."

ஃப்ரிட்ஜைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. ஒரே பெண். அவளை ஒரு மோட்டாருக்குக் கட்டிக்கொடுப்பதா?

மறுநாள் கடையில் அவர் இந்த விஷயத்தை ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னார். கடையில் இரண்டு நாற்காலி. இரண்டாம் நாற்காலியில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறவர் ஒருவர். பேச்சு குறைவு. எதையும் கேட்க ஒரு வாரம் யோசித்துவிட்டு, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுகிற ரகம்.

"ரோபோன்னா உள்ள இரும்பு இருக்கணும்ல அண்ணே? காந்தம் வச்சுப் பாருங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

பக்கத்து ரேடியோ கடையில் பழைய ஸ்பீக்கரைப் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தம் வாங்கி வந்தார் ஜெனரல். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அவர் நிலையில் இல்லை. தலை சுற்றியது. நீர்மூழ்கிக் கப்பல் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் பறக்கிறது என்றார். செயற்கைக்கோளுக்கு வாராவாரம் சவரம் பண்ண வேண்டும் என்றார். மத்தியானம் கடை வாசலில் நின்று, வீடு இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். பெண்ணைப் பெற்றவனுக்குக் கவலை வந்தால் இப்படித்தான் ஆகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் கல்யாணத் துணி எடுக்கிற விஷயமாகப் பேச மாப்பிள்ளையும் அம்மாவும் மறுபடி வந்தார்கள். வாசலிலேயே ஜெனரல் மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார்.

'டக்.'

ஒட்டிக்கொண்டது! நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டியே விட்டது. அவர் விலக, மாப்பிள்ளையும் கூடவே வந்தார்.

"மாமா... போதும் மாமா..."

"உள்ள என்ன இருக்கு? உண்மையைச் சொல்லுங்க!"

உள்ளே இருந்தது மாப்பிள்ளை பையில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர். பிய்த்தெடுத்தபோது சட்டைப் பையும் கூடவே கிழிந்து வந்தது. புதுச் சட்டை. சம்பந்தியம்மா மூக்கால் மட்டும் ஒரு சத்தம் விட்டாள்.

"அப்பா, என்ன பண்றீங்க நீங்க?" என்று பெண் பல்லைக் கடித்தாள்.

மூக்கால் வந்த அந்தச் சத்தம்தான் ஜெனரலுக்கு அடுத்த யோசனையைக் கொடுத்தது. ரோபோவுக்குத் தும்மல் வராது. கடைப் பையில் முகப் பவுடர் டப்பா இருந்தது, ஹேர் டிரையரும் இருந்தது. "புது டிரையர், எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன்" என்று சொல்லி, பவுடரை டிரையரின் காற்று வழியில் தூவி, சுவிட்சைத் தட்டினார்.

கூடம் முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சம்பந்தியம்மா விடாமல் பதினேழு தும்மல் போட்டாள். பெண் தும்மினாள். மனைவி தும்மினாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலிருந்தே தும்மிவிட்டுப் போனார். அந்த வெள்ளைப் புகைக்குள் தும்மாமல் இருந்தவர்கள் இரண்டே பேர்: ஆடாமல் அசையாமல் விறைத்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, எதிரே டிரையரைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெனரல். இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். 

"எழுந்திருடா!" என்றாள் சம்பந்தியம்மா. பவுடர் பூசிய முகத்தில் கண்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. "பைத்தியக்கார வீட்டில எனக்குச் சம்பந்தம் வேண்டாம். இந்தக் கல்யாணம் நடக்காது."

"நடக்க வேண்டாம்தான்மா!" ஜெனரல் உடைத்துவிட்டார். "உங்க பையன் தலையில முடி வளரலை! இருபத்து மூணு நாளா பார்க்கறேன், ஒரு நூல்கூட வளரலை!"

சம்பந்தியம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. கை தானாகப் போய்ப் பின்கழுத்தை மூடிக்கொண்டது. விடுவிடுவென்று எழுந்து போனார். மாட்டிக்கொண்ட முழிதான் அது.

பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகை ஜெனரலின் நெஞ்சை அறுத்தது. காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியவே இல்லை.

"அவன் ரோபோடி" என்று மனைவியிடம் சொன்னார். முடியிலிருந்து தும்மல் வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பவுடர் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இருந்தாதான் என்னங்க?" என்றாள்.

"என்னது?"

"காலையில எழுந்து வேலைக்குப் போகணும். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வரணும். நம்ம மேல உசிரா இருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு யார் திறந்து பார்க்கப் போறாங்க? ஆளே இல்லாம போறதுக்கு அது எவ்வளவோ மேல்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

பெண்ணின் கல்யாணம் நின்றுபோன அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்று ஜெனரல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். எங்கேயோ அந்த ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார். ஜெனரல் சவரக்கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாற்காலிக்காரர் சீப்பை எடுத்துக்கொண்டார்.

"மாமா, மன்னிச்சிடுங்க. உங்களை ஏமாத்திட்டேன்" என்றார் மாப்பிள்ளை. கண் கலங்கியிருந்தது. "நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு நாக்கே எழலை."

"எந்தக் கம்பெனி உன்னைப் பண்ணிச்சு?"

"கம்பெனி இல்ல மாமா. எதிர்க்கடை."

"என்ன எதிர்க்கடை?"

மாப்பிள்ளை கையை நீட்டினார். தெருவுக்கு அந்தப் பக்கம், பச்சைத் திரை போட்ட சலூன். இருபது வருஷமாக ஜெனரலுக்குப் பரம எதிரி.

"எனக்கு வாராவாரம் வெட்டிக்கணும் மாமா, ஒரு நூல் வளர்ந்தாலும் தலை அரிக்கும். கல்யாணம் பேசின உடனே உங்க கடைக்குத்தான் வந்தேன். வாசல்ல நின்னு பார்த்தேன். யாரோ ஒருத்தருக்கு வெட்டி முடிச்சு அரை மணி ஆச்சு, நீங்க துணியை அவிழ்க்காம ஏவுகணையைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. கையில வேற கத்தி. பயந்துட்டேன். அப்படியே அந்தக் கடைப் பின்வாசல் வழியா உள்ள போயிட்டேன். அதுலேர்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும்..."

"அப்போ தும்மல்?"

"சபையில தும்மினா அம்மா திட்டுவாங்க. மூச்சைப் பிடிச்சிக்கிட்டேன்."

ஜெனரல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எதிர்க்கடையா? அவன்கிட்டயா தலையைக் கொடுத்தே? அடப்பாவி, ரோபோவா இருந்திருந்தாகூட மன்னிச்சிருப்பேனே!"

 பிறகு ஜெனரலுக்கே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மாவிடம் தானே பேசிச் சமாதானம் செய்வதாக மாப்பிள்ளை சத்தியம் பண்ணினார். கிழிந்த சட்டைக்கு இரண்டு சட்டை எடுத்துத் தருவதாக ஜெனரல் சத்தியம் பண்ணினார். கல்யாணம் உண்டு. பெண்ணுக்கு உடனே போன் போனது.

"கோபப்படாதீங்க மாமா" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார். "எவ்வளவு பெரிய கைகாரரா இருந்தாலும் அவங்கவங்க பின்கழுத்தை அவங்கவங்களே வெட்டிக்க முடியுமா? நீங்களும் யார்கிட்டயாவது தலையைக் கொடுத்துத்தானே ஆகணும்?"

"கேட்டியாடா, பேச்சை!" என்று ஜெனரல் சிரித்துக்கொண்டே இரண்டாம் நாற்காலிக்காரர் பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளை தெருமுனை தாண்டிப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. ரேடியோ கடைப் பாட்டு நின்றது. தெருவே கப்சிப் என்று ஆனது. அந்த அமைதியில் ஜெனரலுக்கு அதே ரீங்காரம் கேட்டது. கடையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. எதிரும் புதிருமான கண்ணாடிகளில் அவருடைய பின்கழுத்து வரிசை வரிசையாகத் தெரிந்தது. ஒழுங்காக, அளவெடுத்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாற்காலிக்காரர் சிரிக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த இந்த மூணு வருஷத்துல நான் ஒரு நாள்கூட உங்க தலையில கத்திரி வைக்கலை, எதிர்க்கடைக்குப் போறீங்கன்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டிருந்தேன், நேத்து எதிர்க்கடைக்காரர்கிட்ட கேட்டா, நான்தான் உங்களுக்கு வெட்டி விடறேன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்காராம்."