முள்ளையா வாத்தியாரின் மூன்றாம் புதர்

ஒரு காட்டில், செல்போனுக்கு டவர் எடுக்காத மேட்டுப் பக்கமாய், தங்கப்பொண்ணு என்றொரு புள்ளிமான் இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றைச் சுற்றி வருவாள். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: "தாயே, என் குருத்துக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி கொடு."

குருத்து அவளுடைய கடைக்குட்டி. தப்பி ஓடும் பயிற்சி நிலையத்தில் படித்தான். அதை நடத்தியவர் முள்ளையா வாத்தியார் என்கிற முள்ளம்பன்றி. பிறந்ததிலிருந்து அவர் ஒருநாளும் ஓடியதில்லை. அவரை யாரும் துரத்தியதும் இல்லை. அதனால் பதற்றமே இல்லாமல் பாடம் நடத்துவார்.

பாடம் இவ்வளவுதான். சிறுத்தை வந்தால் இலுப்பை மரத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஓடையைத் தாண்ட வேண்டும். மூன்றாம் புதரில் பதுங்க வேண்டும். "வேற எங்க பதுங்கினாலும் மார்க் கிடையாது," என்பார்.

குருத்துக்கு இது ஏறவே இல்லை. ஓடையில் திரும்புவான், மரத்தைத் தாண்டப் பார்ப்பான்.

தேர்வுக்கு முந்தின நாள் தங்கப்பொண்ணு குரங்கின் ஜெராக்ஸ் கடைக்குக் கைடு வாங்கப் போனாள். டோக்கன் எடுத்து வரிசையில் நின்றாள். முதுகில் சுடச்சுட மூச்சு பட்டது. திரும்பினால் சிறுத்தையார். அவர் கையிலும் டோக்கன். வரிசையில் நிற்பவரைக் கடிக்கக்கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம்; இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"உங்களுக்கு எதுக்குங்க கைடு?" என்றாள்.

"வயசாகுதுல்லம்மா. முன்ன மாதிரி துரத்த முடியல. எங்க வந்து சேருவாங்கன்னு தெரிஞ்சா, முன்னாடியே போய் உக்காந்துக்கலாம் பாருங்க."

தங்கப்பொண்ணு கைடும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை. நேரே வாத்தியாரிடம் ஓடினாள்.

"வாத்தியாரய்யா, சிறுத்தை கைடு வாங்கிட்டாருங்க. பதிலை மாத்திடுங்க."

"அச்சடிச்சாச்சேம்மா. அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷத்துக்குப் பிள்ளைங்க இருக்கணுமேங்க?"

"அது சிலபஸ்ல வராதும்மா."

மற்றத் தாய்மாரிடம் சொல்லிப் பார்த்தாள். முதல் ரேங்க் குட்டியைப் பெற்ற கோமளா சிரித்தாள். "உங்க பையனுக்கு ஏறலைங்கிறதுக்காக ஊர்ப் பிள்ளைங்களைக் கலைச்சு விடாதீங்கக்கா."

நம் பிள்ளைக்குத்தான் பாடம் வராதே என்ற ஒரே நிம்மதியோடு வீடு திரும்பினாள். குருத்து துள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா, மனப்பாடம் ஆயிடுச்சு. இலுப்பையில வலம், ஓடையைத் தாண்டு, மூணாம் புதர்!"

ஆறு மாதம் பேசாமலிருந்த புற்றம்மா, இன்றைக்குப் பார்த்துக் கண் திறந்திருந்தாள்.

"அந்தப் புதருக்குப் போகாதடா சாமி. அங்க சிறுத்தை இருக்கும்."

"போம்மா. நீ படிச்சிருக்கியா? வாத்தியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா?"

உண்மையிலேயே அவள் படிக்கவில்லை. ஆனால் குட்டிகளைப் பெற்று வளர்த்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது வழியை மறித்து நின்றாள்.

"தண்ணி குடிச்சியா? மெதுவாக் குடிச்சியா? ஓடையில கால் நனைக்காத, சளி பிடிக்கும். முள்ளுச் செடிகிட்டப் போகாத. கல்லு பாத்துக் கால் வை. கூட்டத்துல முட்டிக்காத. காதுல என்னடா அழுக்கு? பெரியவங்களைப் பாத்தா வணக்கம் சொல்லு. ஒண்ணுக்குப் போயிட்டியா? வெயில்ல நிக்காத. மாமா வந்தா நான் கேட்டேன்னு சொல்லு. எதுவானாலும் நிதானமா யோசிச்சுச் செய். தண்ணி குடிச்சியான்னு கேட்டேனே?"

குருத்து விழித்தான். "அம்மா, மரத்தைத் தாண்டணுமா, ஓடையில திரும்பணுமா?"

"எல்லாம் வாத்தியார் சொன்னபடி செய்டா கண்ணு," என்றாள் அந்தப் பசு மனசுக்காரி.

வாத்தியார் விசில் ஊதினார். நாற்பது குட்டிகள் இலுப்பையில் வலப்பக்கம் திரும்பி ஓடையைத் தாண்டின. முதல் ரேங்க் முதலில் போய்ச் சேர்ந்தது. புதருக்குள் சிறுத்தையார் கைடை மடித்து வைத்துவிட்டு வாயைத் திறந்தார். அந்தக் குட்டியின் வால் வாய்க்குள் போன அதே நேரம், மற்ற முப்பத்தொன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாய் அவர் தலையில் வந்து விழுந்தன. வேறு புதருக்குத்தான் மார்க் கிடையாதே.

மூச்சு முட்டி, வெறும் வாலோடு வெளியே வந்தார். "இத்தனை பேரு வருவாங்கன்னு கைடுல போடலையே," என்று முனகிக்கொண்டு, இன்னொன்றாவது அகப்படுமா என்று புல்வெளிப் பக்கம் நடந்தார்.

அங்கேதான் குருத்து நின்றான். விசில் ஊதிய இடத்திலேயே, உயரமான புல்லுக்குள், அம்மா சொன்னபடி நிதானமாக யோசித்துக்கொண்டு. வலமா, இடமா? ஒரு முடிகூட அசையவில்லை. தூரத்தில் தாய்மார் வரிசையில் தங்கப்பொண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். "தாயே, கொடுத்த ஞாபகத்தை இன்னும் கொஞ்ச நேரம் நீயே வச்சுக்கோ."

சிறுத்தையார் அவன் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போனார். அசையாத புள்ளிகளை, புல்லில் விழுந்த வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ரிசல்ட் ஒட்டினார்கள். வாலில்லாத குட்டிக்கு நூற்றுக்கு நூறு. குருத்துக்கு முட்டை. பக்கத்தில் வாத்தியார் கைப்பட எழுதியிருந்தார்: "இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தப்பிக்கத் தெரியாதவன்."

தங்கப்பொண்ணு அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் புற்றடியில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, விழுந்து கும்பிட்டாள்.

நீதி: பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையை வாசலில் நிறுத்தி வாய் ஓயாமல் புத்தி சொல்லுங்கள். படித்ததெல்லாம் மறந்துபோகும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.