நான் கண்டுபிடித்த நீர்வீழ்ச்சி

கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட புதிதில் யாருக்கும் கொஞ்ச நாளைக்குத் தலைகால் புரியாது. எனக்கு அந்தக் கொஞ்ச நாள் சமாதான காலத்தில் வந்து தொலைத்தது.

வடக்கில் சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கண்டி வாவிக் கரையில் மறுபடியும் வெள்ளைக்காரர்கள் தொப்பியோடு நடமாடினார்கள். நான் டவுனில் ஓர் இன்டர்நெட் கடையில் வேலை பார்த்தேன். (வேலை என்றால், மற்றவர்களுக்கு ஈமெயில் திறந்து கொடுப்பது.) அப்போது ஒரு தொண்டு நிறுவனம், இணையத்தின் மூலம் சூழலைக் கெடுக்காத சுற்றுலாவை வளர்ப்பது எப்படி என்று பயிற்சி வகுப்பு நடத்தியது. மத்தியானம் புரியாணி போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சூழலைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

காப்பாற்ற ஒரு சூழல் வேண்டுமே! கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் அத்தை, அப்பாவின் அக்கா, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டியிருக்கும் அவருடைய லயத்துக்குப் பின்னால் ஒன்றரை ஆள் உயரப் பாறையிலிருந்து தண்ணீர் விழும். பீலி என்பார்கள். லயத்துச் சனம் குளிப்பது, துவைப்பது, குடிக்கப் பிடிப்பது எல்லாம் அங்கேதான். முதலாளியின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

"அத்த, எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆளில்லாம ஒரு படம் எடுக்கணும்."

"ஆளில்லாம என்னாத்துக்குடா படம்? இரு, நல்ல சீல கட்டிட்டு வாரோம்."

"இது இயற்கைப் படம் அத்த."

"என்னா எழவோ. சட்டுன்னு எடு, கொழுந்தெடுக்க மலைக்கு நேரமாகுது."

பெண்கள் வாளிகளோடு ஒதுங்கி நின்றார்கள். படம் பிரமாதமாக வந்தது. அதை இணையத்தில் ஏற்றி, 'மனிதக் காலடி படாத நீர்வீழ்ச்சி' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். (தலைமுறை தலைமுறையாகத் துணி அடித்துத் துவைத்ததில் அந்தப் பாறையில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதை 'இயற்கை செதுக்கிய சிற்பம்' என்று எழுதிய மேதையும் நானே.) பேராதனையிலிருந்து பஸ் பிடிக்கும் வழியைச் சொல்லிவிட்டு, கடைசியில் வகுப்பில் படித்ததையும் சேர்த்தேன்: குப்பை போடாதீர்கள், சோப்பு, சவர்க்காரம் பாவிக்காதீர்கள், பாவிப்பவர்களைக் கண்டால் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என் புகழை நேரில் காண ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, தலை நிறைய நுரையோடு அத்தை நின்றார். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு கையில் என் இணையப் பக்கத்தின் பிரதி, மறு கையில் அத்தையின் சவர்க்காரம். மிகவும் அன்பாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மருமவனே, நல்ல நேரத்துல வந்த! சவுக்காரத்தப் புடுங்கி வச்சிக்கிட்டு இந்தம்மா சிரிக்கிறா. என்னா சொல்றா?"

எழுதியவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "தண்ணிக்குக் கெடுதியாம் அத்த" என்றேன்.

"நம்ம தண்ணிக்கா?"

"ஓ, நம்ம தண்ணிக்குத்தான்."

நுரை வழிந்து அத்தையின் கண்ணில் இறங்கியது. "அப்ப இந்தத் தலைய என்னாடா செய்ய?"

அதற்கு வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

அடுத்த மாதமே தோட்டத்துத் துரை பீலியைச் சுற்றிக் கம்பி அடித்து, நுழைவுச் சீட்டும் வைத்துவிட்டார். லயத்துச் சனம் கீழே, கானுத் தண்ணீர், அதாவது சாக்கடை, கலக்கும் ஓடைக்குப் போகவேண்டியதாயிற்று. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வரும் அத்தை, அங்கிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்து, கோடிப்புறத்தில் சாக்கு மறைப்புக்குள் குளித்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தை அழித்தேன். அதற்குள் யார் யாரோ அதைத் தங்கள் பக்கங்களிலும் எடுத்துப் போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் போய் முறையிட்டால், கிளாக்கர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பிதானா அது? தொர ஒங்களப் பாராட்டச் சொன்னாரு!"

எழுதியவன் நான்தான் என்பது லயத்துக்கும் எட்டியது. அத்தை திட்டவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்: "கலவரத்துல லயத்த எரிச்சவனுங்ககூட பீலிய விட்டுட்டுத்தான்டா போனானுங்க." திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

பிறகு மறுபடியும் சண்டை மூண்டது. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோயிற்று, சீட்டுக் கிழிப்பவரும் போய்விட்டார். யாரோ கம்பியைப் பிரித்தார்கள், பெண்கள் வாளிகளோடு உள்ளே போனார்கள். "சண்ட வந்துதான் நமக்குக் குளிக்க எடம் கெடச்சிருக்கு, பாத்தியா" என்று அத்தை சிரித்தார். வடக்கில் சனம் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஒரு விஷயத்துக்காக எனக்குள்ளும் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இப்போது அத்தை கண்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்று உரக்கக் கேட்பார்: "மருமவனே, இங்க சவுக்காரம் போடலாமா?"

"அன்பா எடுத்துச் சொல்லுங்கப்பா!" என்று என் மகள் கத்துவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால், "போடலாம் அத்த" என்று நான் வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் கதவைச் சாத்துவதில்லை.