முழு மார்க் எடுத்த எனக்குச் சந்தேகம் அண்ணை வைத்த சோதனை

சந்தேகம் அண்ணையைப் போல இன்னொருவரைக் கடவுள் படைக்கவில்லை. படைத்திருந்தால் உலகத்தில் ஒரு வேலையும் நடந்திராது.

சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் நான் மிசியாக, அதாவது தாதியாக, வேலை செய்த தீவு ஆஸ்பத்திரியில் அவர் சிற்றூழியர். நான் பார்த்து வைத்த தெர்மாமீற்றரை வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒருதரம் பார்ப்பார். நோயாளிக்கு நற்கருணை நன்மை கொடுக்க வந்த சுவாமியாரையே வாசலில் மறித்து, "ஆருக்குக் குடுக்கப் போறியள் சுவாமி, ஆளைத் தெரியுமோ?" என்று கேட்டவர்.

ஒருமுறை நோயாளர் பாதுகாப்பு என்று எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். சிற்றூழியர்களுக்கு அழைப்பில்லை, இவர் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். பயிற்சி பலித்ததா என்று பார்க்கப் பிறகு ஒரு அதிகாரி வந்து சோதனை வைத்தார். எனக்கு நூற்றுக்கு நூறு!

"பேப்பரிலை எல்லாரும் சரியாத்தான் எழுதுவினம் சேர். வாட்டிலை பாருங்கோ," என்றார் அண்ணை. அதிகாரி சிரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் பென்சிலின் ஊசியோடு நாலாம் கட்டிலுக்குப் போனேன். ஆள் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

"சூசைப்பிள்ளையோ?"

"ஓம்."

கையைத் துடைத்து ஊசியை ஓங்கினேன். போர்வைக்குள்ளிருந்து சந்தேகம் அண்ணை துள்ளி எழும்பினார்!

"சூசைப்பிள்ளை கிணத்தடியிலை நிக்கிறார், மிசி. வெள்ளைச் சட்டை என்ன கேட்டாலும் எங்கடை சனம் ஓம் எண்டுதான் சொல்லும். பேரை நீங்கள் சொல்லாதேங்கோ. அவையைச் சொல்ல விடுங்கோ."

வாட்டே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அதே கட்டில், அதே ஊசி. அண்ணைக்குக் கேட்கட்டும் என்று வீம்புக்குக் கத்தினேன்: "ஐயா, உங்கடை பேரென்ன?"

"செபஸ்தி."

யன்னல் காற்றுக்காகச் சூசைப்பிள்ளையும் அடுத்த கட்டில் கிழவரும் விடியவே கட்டில் மாறியிருக்கிறார்கள். செபஸ்தியருக்குப் பென்சிலின் ஆகாது. அவருடைய மருந்துத் துண்டில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. அந்தத் துண்டோ அடுத்த கட்டிலில் தொங்கியது.

அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். ஒரு உயிரல்லவா! அண்ணை கூட்டிக்கொண்டிருந்த தும்புக்கட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டு, ஊசியையும் துண்டையும் தானும் ஒருதரம் பார்த்தார்.

"ஏன் மிசி அழுறியள்? பேரைக் கேட்டுக் காப்பாத்தினது நீங்களெல்லோ. எழும்புங்கோ, மற்றச் சனம் பாத்துக்கொண்டு கிடக்குது."

எழும்பினேன். எதையும் லேசில் நம்பாத அந்த மனிதரே சொன்னால் எழும்பாமல் இருக்க ஏலுமா?