செக்போஸ்ட் மாப்பிள்ளை

குடியாத்தம் சம்பந்தம் சட்டத்தையே ஏமாத்தப் புறப்பட்டான், கேளுங்க. எண்பத்துமூணாம் வருஷம். நாலு தறியையும், பெண்டாட்டி பூங்காவனத்தோட தாலிச் செயினையும் வித்து ஒரு டூரிஸ்ட் பஸ் வாங்கியிருந்தான். சட்டம் இன்னா சொல்லுது? அந்த பஸ்ல ஏறுறது ஒரே கோஷ்டியா இருக்கணும். ஆளாளுக்கு டிக்கெட் போட்டா பர்மிட்டும் காலி, பஸ்ஸும் காலி. இந்த மகராசன் ஆளாளுக்குத்தான் போட்டிருந்தான். திருப்பதிக்கு நாப்பது பேர்.

“யாராச்சும் கேட்டா கல்யாண கோஷ்டின்னு சொல்லிடுங்க”ன்னு எல்லாருக்கும் பாடம் நடத்தியாச்சு. இவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால பயணிகள் லிஸ்ட்டை எழுதினது பூங்காவனம்.

சித்தூர் ரோடு செக்போஸ்ட்ல இன்ஸ்பெக்டர் ஏறினாரு.

“இன்னா கோஷ்டி?”

“கல்யாண கோஷ்டி!” நாப்பது பேரும் ஒரே குரல்ல கத்தினாங்க.

“மாப்பிள்ளை யாரு?”

நாப்பது தலையும் அக்கம்பக்கம் திரும்பிச்சு. அடப்பாவி! கல்யாணம்னு சொல்லச் சொன்னவன் மாப்பிள்ளைக்கு ஆள் வைக்கலையே! இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தாரு. போச்சு, பஸ் போச்சு.

“இவருதான் சார்.” பூங்காவனம் எழுந்தா. “எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். லிஸ்ட்ல மேலயே எழுதியிருக்கேன், பாருங்க.”

எழுதித்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் சம்பந்தத்தை மேலும் கீழும் பாத்தாரு. நாப்பத்தெட்டு வயசு ஆளு, மீசையைத் தினம் நாலு தரம் சீவுறவன்.

“இவருக்கா அறுபது?”

“எல்லாம் மை சார். பூசலன்னா பஞ்சுதான்.”

“இன்னாய்யா, நெஜமா?”

நாப்பது பேரும் அவன் வாயையே பாத்தாங்க.

“ஆமா சார்... போன மாசந்தான் அறுபது முடிஞ்சுது.”

“அந்தம்மா கழுத்துல வெறும் மஞ்சக்கயிறு இருக்கு?”

“திருப்பதில புதுசு கட்டப்போறாரு சார்”ன்னா பூங்காவனம். “செயினோட.”

“நாளைக்கு இதே வழியாத்தானே வருவீங்க? செயின் கழுத்துல இருக்கணும். இல்ல, பஸ் இங்கயே நிக்கும்.”

பஸ் நகர்ந்துச்சு. “அப்ப கல்யாணச் சாப்பாடு உண்டு!”ன்னு பின்சீட்ல ஒரே கும்மாளம். பூங்காவனம் பையிலிருந்து ரெண்டு மாலையை எடுத்து மடியில வச்சா. வாடாத மாலை, காலையில கட்டினது.

சம்பந்தம் பல்லைக் கடிச்சான். “ஏன்டீ, அந்தாளு மாப்பிள்ளை யாருன்னு கேக்காமலே விட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“நானே எறங்கிப்போயி, கேளுங்க சார்னு சொல்லியிருப்பேன்.”